எஸ்.எம்.பி.எஸ் நல்லா இருக்கா? மீட்டர் காட்டுவதும் காட்டாததும்

கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் நடப்பது இதுதான். கடைத் தம்பி கேபினெட்டைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி அது) வந்து மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரை உருவுவார். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, பச்சை வயர் வரும் ஓட்டையிலும் அதை ஒட்டியுள்ள கறுப்பு வயர் ஓட்டையிலும் செருகுவார். ஃபேன் சுற்றத் தொடங்கும். மல்டிமீட்டரின் சிவப்பு முனை மஞ்சள் வயருக்கு, கறுப்பு முனை கறுப்பு வயருக்கு. திரையில் 12.14.

“அண்ணாச்சி, பன்னெண்டு கரெக்டா வருது. அஞ்சும் வருது. எஸ்.எம்.பி.எஸ்ல ஒரு கொறையும் இல்ல. ரேமத்தான் மாத்திப் பாக்கணும்.”

தம்பி செய்தது தப்பில்லை. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் எஸ்.எம்.பி.எஸ் ஆன் ஆக வேண்டும், ஆனது. அந்தச் சோதனையிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா சுற்றவிட்டு அளந்தால், செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ் எது என்று மட்டும்தான் தெரியும். உயிரோடு இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாது. ‘பன்னெண்டு வருது’ என்பதற்கும் ‘நல்ல கரண்டு வருது’ என்பதற்கும் நடுவில் இருப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் நடப்பது

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. நொடிக்கு 50 சுற்று மேலும் கீழுமாக ஆடும் மின்சாரம். கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. அதற்கு ஆடாமல் நிற்கும் டி.சி வேண்டும், அதுவும் 12, 5, 3.3 என்று மூன்று அளவுகளில். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ்.

உள்ளே வரும் ஏ.சி முதலில், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் வழியாகப் போய், கிட்டத்தட்ட 325 வோல்ட் டி.சி.யாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. கெப்பாசிட்டர் என்பது கொஞ்ச நேரத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். நம் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்களே, அதேதான். அடுத்து ஒரு டிரான்சிஸ்டர் அந்த 325 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் என்று நறுக்குகிறது. நறுக்கிய மின்சாரம் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் குறைந்து, மறுபடி டயோடு, காயில், கெப்பாசிட்டர் என்று போய் வழவழப்பாகி வயருக்கு வருகிறது. வேகமாக நறுக்குவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்குகிறது. 50 சுற்றிலேயே இந்த வேலையைப் பார்ப்பதென்றால் கிலோக்கணக்கில் இரும்பு தூக்க வேண்டியிருக்கும்.

முக்கியமானது இனிமேல்தான். வெளியே போகும் வோல்டேஜை ஒரு கட்டுப்பாட்டு ஐ.சி இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் ஆன் நேரத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும். ஆகவே 12 என்பது எங்கோ நிலையாக எழுதி வைத்த எண் கிடையாது. ஒவ்வொரு கணமும் திருத்தித் திருத்திப் பிடித்து நிறுத்துவது. அந்தத் திருத்தம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு துல்லியமாக நடக்கிறது என்பதே எஸ்.எம்.பி.எஸ்ஸின் தரம். திருத்த வேண்டிய அவசியமே வராமல், சும்மா ஓடும்போது அளந்தால் அந்தத் தரம் வெளியே தெரியாது.

தாமிரபரணிக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள்

பாளையங்கால்வாயோ கன்னடியன் கால்வாயோ, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கால்வாயில் தண்ணீர் நிற்கும் மட்டம்தான் வோல்டேஜ். மடை வழியாக வயலுக்குள் பாயும் தண்ணீரின் அளவு கரண்டு. அதை ஆம்பியரில் சொல்கிறோம். மட்டத்தையும் பாய்ச்சலையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது மொத்த சக்தி. கரண்டு இழுக்கும் எதுவும் லோடு. இங்கே வயல்கள், அங்கே பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஹார்டு டிஸ்க்கும்.

எல்லா மடையும் அடைத்திருக்கும்போது கால்வாய் ததும்ப நிற்கும். எப்பேர்ப்பட்ட கால்வாயும் அப்போது நல்ல கால்வாய்தான். நடவு நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் மடையைத் திறக்கும்போது கடைமடையில் மட்டம் என்ன ஆகிறது? அங்கேதான் பிரச்சினை தெரியும். லோடு ஏறும்போதும் வோல்டேஜை ஒரே மட்டத்தில் பிடித்து நிறுத்துவதற்கு ரெகுலேஷன் என்று பெயர்.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அளவுமுறையைத்தான் நம் கேபினெட் எஸ்.எம்.பி.எஸ்கள் பின்பற்றுகின்றன. அதன் பழைய பதிப்புகளின்படி 12, 5, 3.3 என்ற மூன்று முக்கிய லைன்களும் 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. மஞ்சள் வயர் 11.4-லிருந்து 12.6 வரை, சிவப்பு 4.75-லிருந்து 5.25 வரை, ஆரஞ்சு ஏறத்தாழ 3.14-லிருந்து 3.47 வரை. லோடு இல்லாதபோது மட்டுமல்ல, முழு லோடிலும் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்.

சுருக்கமாக: வோல்டேஜ் மட்டம், கரண்டு பாய்ச்சல், எல்லா மடையும் திறந்த பிறகும் மட்டம் நிற்பது ரெகுலேஷன். கடைத் தம்பி அளந்தது மடை அடைத்த கால்வாயை.

‘450 வாட்’ என்று ஒட்டியிருக்கிறதே?

கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்களின் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 என்றோ 500 என்றோ இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர்? 16 என்று போட்டிருந்தால், 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் அந்த ‘450’ உங்கள் சோலிக்கு 192தான். மீதி 5, 3.3 லைன்களில் முடங்கிக் கிடக்கும். அவ்வளவை இழுக்க ஆளே கிடையாது.

பைசா செலவில்லாத முதல் சோதனை இது. கடையில் நின்றபடியே செய்துவிடலாம். ஆம்பியர் கட்டமே இல்லாத ஸ்டிக்கர் என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹெட்லைட் பல்பு வைத்து ஒரு சோதனை

பெரிய ஆய்வகங்களில் எலக்ட்ரானிக் லோடு என்ற கருவி இருக்கும். எத்தனை ஆம்பியர் இழுக்க வேண்டும் என்று எண்ணைப் போட்டால் அதை மட்டும் இழுக்கும். விலை நமக்குக் கட்டாது. அதற்குப் பதில், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு போதும். ஒரு பல்பு நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். மூன்று பல்பு என்றால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர்.

ஒரு மலிவு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பல்பு இல்லாமல் 12.14. ஒரு பல்பு போட்டதும் 11.9. இரண்டாவதில் 11.6. மூன்றாவதில் 11.3, எல்லை தாண்டிவிட்டது. இதே நேரத்தில் மீட்டரைச் சிவப்பு வயருக்கு மாற்றுங்கள். அங்கே யாரும் கரண்டு இழுக்கவில்லை. ஆனாலும் 5 வோல்ட் லைன் 5.3-க்கு ஏறியிருக்கும்! எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆனால் ஒன்று இறங்க மற்றது ஏறும் இந்த விளையாட்டு மலிவு எஸ்.எம்.பி.எஸ்களில் சகஜம்.

காரணம் எளிது. இவற்றில் 12-க்கும் 5-க்கும் தனித்தனிக் கண்காணிப்பு கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரே திருத்தம். 12 இறங்கியதும் ஐ.சி ஆன் நேரத்தைக் கூட்டுகிறது, அது 5-ஐயும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்களில் 12 வோல்ட்டை மட்டும் முதலில் தயார் செய்து, அதிலிருந்து தனிச் சின்ன சர்க்யூட் மூலம் 5-ஐயும் 3.3-ஐயும் எடுப்பார்கள். அங்கே ஒன்றின் பாரம் மற்றொன்றின் தலையில் விழாது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்காமல் செய்யும் எந்தச் சோதனையும் அரைச் சோதனைதான் என்பது என் கருத்து. பல கம்ப்யூட்டர்களில் 12 வோல்ட்டில் பாரமும் 5 வோல்ட்டில் சும்மாவும் இருப்பதுதான் வழக்கமான நிலை.

பல்பு போடும்போது சில விஷயங்கள். மூன்றையும் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் உள்ள ஒரே வயரில் மாட்டாதீர்கள். அந்த வயர் கரண்டுக்குக் காட்டும் தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ், சிறியதுதான் என்றாலும், அரை மீட்டர் போய் அரை மீட்டர் திரும்பும் பாதையில் 9 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் வயரிலேயே போய்விடும், பழியை எஸ்.எம்.பி.எஸ் சுமக்கும். பல்புகளைத் தனித்தனி வயர்க் கொத்துகளில் பிரித்து மாட்டி, மீட்டரை ஒன்றும் மாட்டாத வேறொரு கனெக்டரில் வையுங்கள். குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரண்டு இழுக்கும். அதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ் அணைந்துவிட்டால் அது பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்ததாகக்கூட இருக்கலாம், உடனே குறை சொல்ல வேண்டாம். ஹாலஜன் பல்பு சுடும், செங்கல் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரமாவது எரியவிடுங்கள். சூடேறிய பிறகு வரும் எண்தான் உண்மையான எண்.

மீட்டரின் 9 வோல்ட் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். பேட்டரி இறங்கிப்போன மலிவு மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 11.3-ஐ 12 என்று காட்டி உங்களை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும்.

ரிப்பிள்: மீட்டர் கண்ணுக்குத் தெரியாத அலை

மட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் மேல் சிற்றலை அடித்துக்கொண்டே இருக்கிறது. மின்சாரத்தில் இதற்கு ரிப்பிள் என்று பெயர்: டி.சி.யின் மேல் ஒட்டிக்கொண்டு ஆடும் சிறிய ஏ.சி. அலையின் உச்சியிலிருந்து பள்ளம் வரை அளப்பார்கள். ஏ.டி.எக்ஸ் வரம்பு 12 வோல்ட்டுக்கு 120 மில்லிவோல்ட்; 5-க்கும் 3.3-க்கும் 50 மில்லிவோல்ட். ஆயிரம் மில்லிவோல்ட் ஒரு வோல்ட்.

மல்டிமீட்டர் இதை ஏன் காட்டாது? அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். அந்த இடைவெளியில் வந்த அத்தனை மேடுபள்ளத்தையும் சராசரியாக்கி ஒரே எண்ணாகத் தரும். அலையோ நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆடுகிறது. மட்டம் 12.0 என்று மீட்டர் சத்தியம் செய்யும்போதே உள்ளே 11.8-க்கும் 12.2-க்கும் நடுவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கலாம்.

“அப்போ மீட்டரை ஏ.சி.யில் வைத்தால்?” என்று கேட்பவர்கள் உண்டு. ரோட்டோரக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் ஏ.சி.யின் சிறிய அளவே 200 வோல்ட். அதில் 0.1 வோல்ட்டுக்குக் கீழ் தெரியாது. நொடிக்குச் சில நூறு சுற்றுக்கு மேல் ஆடும் எதையும் அது நம்பகமாக அளக்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வகை மீட்டர் பலவற்றை ஏ.சி.யில் வைத்து 12 வோல்ட் டி.சி.யைத் தொட்டால் இருபதுக்கு மேல் ஏதோ ஓர் எண் வரும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம். இதைப் பார்த்துவிட்டு ‘பயங்கர ரிப்பிள்’ என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ரிப்பிளைக் காண ஆசிலோஸ்கோப் வேண்டும். வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஆடுகிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும் கருவி அது. பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் ரெக்டிஃபையர் சோதனையில் இதே அலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஸ்கோப்பை வைத்தும் தப்பாக அளக்கலாம். இணையத்தில் சுற்றும் ரிப்பிள் படங்களில் பல அப்படித்தான். ஸ்கோப்பின் அளக்கும் முனையான புரோபின் கிரவுண்டு வயர் நீளமாகத் தொங்கினால் அதுவே ஆன்டெனாவாகி, காற்றில் உள்ள இரைச்சலையெல்லாம் பிடித்துத் திரையில் போடும். ஏ.டி.எக்ஸ் முறைப்படி, அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றும் 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் இணைக்க வேண்டும். மதர்போர்டில் எப்படியும் கெப்பாசிட்டர்கள் இருக்கும், அதற்கு ஈடாக இவை. ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும் வசதியையும் போட வேண்டும். கிரவுண்டு வயர் முடிந்தவரை குட்டையாக. இத்தனையும் செய்து, லோடும் கொடுத்து எடுத்த படம்தான் ரிப்பிள் படம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இதெல்லாம் வெளியே வரும் வயர்களில் மட்டும். பெட்டியைத் திறந்து 325 வோல்ட் பக்கம் ஸ்கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் நிற்கலாம்.

படம் கிடைத்துவிட்டால் அது நோயையும் சொல்லும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. அலை நொடிக்கு 100 தடவை மெதுவாக ஏறி இறங்கினால், நம் 50 சுற்று ஏ.சி.யின் அரைச்சுற்றுகள் உள்ளே கசிகின்றன என்று பொருள். பெரிய கெப்பாசிட்டர் சக்தி இழந்திருக்க வாய்ப்பு அதிகம். அலை நெருக்கமாக, பல்லாயிரக்கணக்கில் ஆடினால் அது நறுக்கும் டிரான்சிஸ்டரின் கைவரிசை. அதை வழவழப்பாக்க வேண்டிய வெளிப்பக்கக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். மேல்மூடி உப்பிய கெப்பாசிட்டரைப் பல மெக்கானிக்குகள் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். உப்பாமலே காய்ந்ததைப் பிடிக்க இந்தப் படம்தான் வழி.

‘மதர்போர்டுதான் 12 வோல்ட்டை மறுபடி ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துப் பிராசஸருக்குக் கொடுக்கிறதே, நடுவில் கொஞ்சம் அலை இருந்தால் என்ன?’ நியாயமான கேள்வி. கொஞ்சம் அலையை அது சமாளிக்கும். ஆனால் அந்த அலையை விழுங்குவது மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள்; விழுங்கும்போது சூடாகின்றன, சூட்டில் ஆயுள் குறைகிறது. தவிர, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யும் யூ.எஸ்.பி சாதனங்களும் 5 வோல்ட்டையே நம்பியிருக்கின்றன.

இதுவரை: ரெகுலேஷனை மீட்டரும் லோடும் வைத்து நாமே பார்க்கலாம். ரிப்பிளுக்கு ஸ்கோப்பும் ஒழுங்கான முறையும் வேண்டும். இரண்டிலும் லோடு இல்லாத அளவுக்கு மதிப்பில்லை.

கரண்டு போகிற அந்தக் கண நேரம்

கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் யூனிட்டுகள், பணகுடி, ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. இருந்தாலும் நம் தெருவில் சாயங்காலமானால் லோ வோல்டேஜ். வீட்டுக்கு வரும் வோல்டேஜ் தெரு டிரான்ஸ்ஃபார்மரையும் அங்கிருந்து வரும் லைனின் நீளத்தையும் பொறுத்தது. மின்நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்பதை அல்ல. இந்த ஊருக்கு மிகவும் வேண்டிய சோதனை, கரண்டு போன பிறகு எஸ்.எம்.பி.எஸ் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறது என்பது. இதன் பெயர் ஹோல்டு-அப் நேரம்.

கரண்டு போனதும் பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பதை வைத்துத்தான் எஸ்.எம்.பி.எஸ் ஓட்டுகிறது. பழைய ஏ.டி.எக்ஸ் முறைப்படி முழு லோடில் 17 மில்லிசெகண்டாவது ஓட்ட வேண்டும். ஒரு மில்லிசெகண்டு என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் ஏ.சி.யின் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிசெகண்டு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் காலம்தான். ஆனால் இன்வெர்ட்டர் மாறுவதும் அதே அளவு காலத்தில்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈ.பி.காரர்கள் லைனை நிறுத்தும்போது, ஃபேனும் லைட்டும் இமைக்காமல் ஓட, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் வீடுகள் ஏராளம். உடனே எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிவிட வேண்டாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மாறுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், யூ.பி.எஸ் நிலையில் வைத்தால் வேகமாக மாறும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம்.

லோ வோல்டேஜ் இந்த நேரத்தை இன்னும் சுருக்கும். கெப்பாசிட்டரில் சேரும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 180 வந்தால் சேர்வது 61 சதவீதம்தான். ஆக்டிவ் பி.எஃப்.சி என்ற சர்க்யூட் உள்ள எஸ்.எம்.பி.எஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே வருவது எதுவானாலும் அது 380 வோல்ட் அளவுக்கு உயர்த்தியே கெப்பாசிட்டரை நிரப்பும். லைனின் கடைசியில் வீடு உள்ளவர்கள் இது உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இதோடு சேர்ந்து பார்க்க வேண்டியது சாம்பல் நிற வயர். ‘எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது, நீ ஓடலாம்’ என்று மதர்போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ் சொல்லும் சிக்னல் அதில் போகிறது. ஆன் செய்ததும் இது உடனே வரக் கூடாது. 100-லிருந்து 500 மில்லிசெகண்டு பொறுத்து வர வேண்டும். கரண்டு போகும்போது மற்ற வோல்டேஜ்கள் விழுவதற்கு முன்பே இது விழுந்து மதர்போர்டை நிறுத்த வேண்டும். சில படுமலிவு எஸ்.எம்.பி.எஸ்களில் இந்த சர்க்யூட்டே இருக்காது. சாம்பல் வயரை 5 வோல்ட்டில் நேராக இணைத்திருப்பார்கள். மீட்டரில் பார்த்தால் 5 வோல்ட், எல்லாம் சரி! பொய் சொல்கிறது என்று தெரிய இங்கேயும் ஸ்கோப்தான் வேண்டும்.

80 பிளஸ் முத்திரை

2004-ல் தொடங்கிய 80 பிளஸ், சுவரிலிருந்து எடுக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் உருப்படியாக வெளியே வருகிறது என்பதை முக்கியமாக 20, 50, 100 சதவீத லோடுகளில் அளந்து கொடுக்கும் முத்திரை. மிச்சம் சூடாகப் போகிறது. ரிப்பிளைப் பற்றியோ ரெகுலேஷனைப் பற்றியோ அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கோல்டு என்று போட்டிருந்தால் ஓரளவு நல்ல பாகங்கள் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம், அவ்வளவே. சோதனை நடப்பதும் 23 டிகிரியில். நம் ஊரில் மார்கழி விடியற்காலைக்கு அந்த எண் பொருந்தலாம்.

சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும்

வெளியே 38 டிகிரி என்றால் கேபினெட்டுக்குள் அதைவிடக் கூடுதல். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் காயும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்களின் பொதுக் கணக்கு. அதன் மேலுறையில் 85 அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும்; 105 உள்ளது அதே சூட்டில் அதிக நாள் உழைக்கும். நல்ல கம்பெனிகள் 40 டிகிரியிலோ 50 டிகிரியிலோ முழு வாட் தருவோம் என்று எழுதிக் கொடுக்கும். எத்தனை டிகிரிக்கு என்று சொல்லாத வாட் எண்ணை நான் நம்புவதில்லை. ஆனி, ஆடிக் காற்றில் வரும் புழுதி ஃபேனில் படிந்து காற்றோட்டத்தை அடைத்தாலும் இதே கதைதான். வாங்கும்போது தேறிய எஸ்.எம்.பி.எஸ் மூன்று நான்கு கோடைக்குப் பிறகு தேறாமல் போவது இதனால்தான். சோதனை ஒரு தடவையோடு முடிவதில்லை.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ என்கிறதா?

இது தரச் சோதனையில் சேராது, ஆனால் எஸ்.எம்.பி.எஸ் மேல் விழும் பொய்ப் பழிகளில் முதலிடம் இதற்குத்தான். உள்ளே வரும் இரைச்சலை வடிகட்ட, லைனுக்கும் கேபினெட் தகரத்துக்கும் இடையே சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இரண்டு பின் பிளக்கில் மாட்டினாலோ வீட்டில் எர்த் வேலை செய்யாவிட்டாலோ, தகரத்தில் நூறு வோல்ட் அளவுக்கு மீட்டரில் தெரியும், கையிலும் சுர்ரென்று உறைக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றினால் புதியதும் அதையே செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல்பும் ஸ்கோப்பும் இல்லாதவர்கள்

உங்கள் கம்ப்யூட்டரையே லோடாக வைத்துக்கொள்ளலாம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, ஒன்றும் மாட்டாத ஒரு மோலெக்ஸ் கனெக்டரை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டர் முனைகள். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கனமான கேமையோ வீடியோ எக்ஸ்போர்ட்டையோ ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 5 வோல்ட்டையும், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே, அதேபோல. சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மதர்போர்டிலுள்ள ஒரு சென்சாரின் தோராயக் கணக்கு, சில போர்டுகளில் 12 வோல்ட்டை 10 என்றுகூடச் சொல்லும்.

இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் ரெகுலேஷன் பக்கம் கவலையில்லை. 11.4-ஐ நெருங்கினால் மாற்றிவிடலாம். மட்டம் நன்றாக இருந்தும் ரீஸ்டார்ட் நிற்கவில்லையா? ரேமும் சூடும்கூடக் காரணமாகலாம், ரிப்பிளும் ஆகலாம். தெரிந்தவரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் பழையதுதான் குற்றவாளி. நிற்காவிட்டால் கடைத் தம்பி சொன்னபடி ரேமை மாற்றிப் பார்க்கலாம்.